கத்தரீனாள் எழுதாத நான்கு வரிகள்

கத்தரீனாள் சூரியநெல்லியை விட்டுப் போனது இரண்டாயிரத்து இருபத்து நான்கு பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்குகிற நேரத்தில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளக்கூட நிற்காமல் போய்விட்டாள் என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கொஞ்ச நாள் பேசினார்கள். அவள் அந்த நாளைப் பிடித்ததற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஆள் குறைவு. ஜன்னலோரம் இடம் கிடைக்கும். பாட்டுப் போடாத டிரைவருக்கு அன்றைக்குத்தான் முறை. இதையெல்லாம் மூன்று வாரமாக விசாரித்து வைத்திருந்தாள்.

தம்பி சுஜின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா செபமாலையம்மாள் வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில், முந்தின நாளே விளக்கி வைத்த சோற்றுப் பானையை எடுத்து மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தாள். கத்தரீனாள் நிலைப்படியில் நின்று, "போயிட்டு வாரேம்மா" என்றாள். கம்பி நார் உரசுகிற சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

தேயிலைமேல் பனி உறைந்து கிடந்தது. பஸ் நிற்கும் இடம் வரை இருவரும் நடந்தார்கள்.

"இன்னைக்குப் பெரட்டுல எம் பேரத்தான் கூப்புடுவாங்க" என்றான் சுஜின். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு எஸ்டேட்டில் பெரட்டு என்று பெயர்.

"தெரியும்."

"ஒனக்கு எம் மேல கோவமாக்கா?"

"இல்ல."

"ஒன் மூஞ்சப் பாத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. அதான் கேக்கேன்."

"கோவம் வந்தா கோவம்னு சொல்லுவேன்லா."

சுஜின் சிரித்துவிட்டான். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"மெசேஜ் போடுதேன். போன் வேண்டாம்."

பதினாறு வருஷம் எஸ்டேட் ரிஜிஸ்தரில் இருந்த தன் பேரைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள். விட்டுக் கொடுக்க வைத்தது, பங்குக் கோவில் பத்திரிகையில் அவள் பெயரில் அச்சான நான்கு வரி. அந்த நான்கு வரியை அவள் எழுதவில்லை.

லயத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒருவர் பேராவது ரிஜிஸ்தரில் இருக்கும்வரை குடியிருக்கலாம். பேர் போனால் சாமான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டியதுதான். அப்பா சூசையப்பன் நெஞ்சுச் சளியில் படுத்துச் செத்த பிறகு அம்மா பேர் இருந்தது. அம்மாவுக்கு வேலை பார்க்கிற வயது முடிந்தபோது கத்தரீனாள் பேர் ஏறியது. அப்போது அவளுக்கு இருபது வயது. சுஜின் பள்ளிக்கூடத்தில் இருந்தான். படித்து முடித்ததும் கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் டிரைவராகப் போய்விட்டான். கொழுந்துக் கூடைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித் திரிந்தான்.

சின்ன வயதிலிருந்தே அவளை முசுடு என்றார்கள். ஒரு மாதிரி என்றார்கள். எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள், கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார மாட்டாள், கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். பெண் பார்க்க ஒரு முறை போடிமெட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பிரியமாகத்தான் கேட்டாள்: "எங்க பையனப் புடிச்சிருக்காம்மா?" கத்தரீனாள் யோசித்துப் பார்த்து, "இன்னும் தெரியல. ரெண்டு பிஸ்கட் திங்குற நேரந்தான் பாத்தேன்" என்றாள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் திசையிலிருந்து யாரும் வரவில்லை.

காட்டு வேலை அவளுக்கு ஒத்துப்போனது. எஸ்டேட்டில் தேயிலைக் காட்டுக்கு நம்பர் உண்டு. ஆளுக்கு ஒரு நிரை. நிரையில் நுழைந்துவிட்டால் இடுப்புக்கு மேலே இலை, இடுப்புக்குக் கீழே வேர், பக்கத்து நிரையில் இருப்பவள்கூட இரண்டு செடி தள்ளித்தான். அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பக்கத்து நிரை சரஸ்வதியம்மாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தன் மருமகளைத் திட்டுவாள். பதில் எதிர்பார்க்கிற திட்டு இல்லை என்பதால் கத்தரீனாளுக்கு அதில் தொந்தரவில்லை.

பிறகு மெஷின் வந்தது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு செடிமேல் இழுத்துப் போகிற மெஷின். பின்னால் ஒருத்தி பையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கத்தரீனாளைப் பை பிடிக்கப் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது சத்தம். அவளுக்கு அது பல்லுக்குள் இறங்கியது, கண்ணுக்குள் வெள்ளையாக அடித்தது. முதல் நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் பையைப் போட்டுவிட்டு, இரண்டு செடிக்கு நடுவில் உட்கார்ந்து நெற்றியை மண்ணில் வைத்துக்கொண்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் வயிற்றில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். வேலைக்குக் கள்ளம் என்று பீல்டு ஆபீசர் எழுதி வைத்தார். நான்காவது தடவை அப்படி விழுந்தபோது டிஸ்பென்சரி நர்ஸ்தான், "இது கேஸ் இல்ல, கோட்டயத்துக்குக் கொண்டு போங்க" என்றாள்.

கோட்டயத்தில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. மலையாளமும் தமிழும் கலந்து, மெதுவாகப் பேசினாள். கத்தரீனாளிடம் இரண்டு மணி நேரம், அம்மாவிடம் ஒரு மணி நேரம். மூன்று வயதில் எப்படி இருந்தாள் என்று கேட்டதும் செபமாலையம்மாள் பெருமையாகவே சொன்னாள்: "அடம் புடிக்கவே மாட்டா டாக்டர். மழ பேஞ்சா மட்டும் வீட்டுக்குள்ள இருக்க மாட்டா. தகரத்துல விழுற சத்தத்துக்கு, வெளிய ஓடிப்போயி மழையிலேயே நிப்பா. அடிச்சுத் தூக்கிட்டு வருவேன். மறுபடி ஓடிருவா." சொல்லிவிட்டு, எதையோ தவறாகச் சொன்னது போல டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்தாள்.

மூன்றாவது தடவை போனபோது மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டிசம். கத்தரீனாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. "இது அசுகமல்ல, நீ பிறந்த விதம். மாறாது. ஆனா உனக்கு எது கஷ்டம்னு தெரிஞ்சா மத்ததை மாத்திக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. கத்தரீனாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ நான் முசுடு இல்லியா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "இல்லை" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கத்தரீனாள் அடிமாலி வரை அழுதாள். செபமாலையம்மாளும் அழுதாள். மகள் அழுதது நிம்மதியில். அம்மா அழுதது பயத்தில். டாக்டர் சீட்டின்பேரில் மானேஜர் அவளை ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு மாற்றினார். செங்குத்தான சரிவு, மெஷின் ஏறாது, கைக்கொழுந்துதான். கத்தரீனாளுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. செபமாலையம்மாளுக்கு அந்தச் சீட்டே கண்ணில் முள்.

"எழுதி வாங்கிட்டு வந்துட்டியேட்டி. நாளைக்கு வேலைக்கு ஆவாது, அன்பிட்டுன்னு பேர வெட்டிட்டான்னா? நாம எங்க போயி நிக்க?"

"வெட்டலியே. காடுதான மாத்தியிருக்காங்க."

"இன்னைக்குக் காட்ட மாத்துவான். நாளைக்கு வீட்ட மாத்துவான். நீ பொறக்கதுக்கு முன்னாடியே நான் இவனுவளப் பாத்துருக்கேன்."

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி தியானம். மலையடிவாரத்தில், நோய் தீரக் கூட்டமாக ஜெபிக்கிற ஒரு தியான வீடு. ஐந்து நாள், நாலாயிரம் பேர், தகரக் கொட்டகை, நான்கு மூலையிலும் ஆள் உயர ஸ்பீக்கர். கத்தரீனாள் போக மாட்டேன் என்றாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடாமல் கிடந்தாள். இரண்டாம் நாள் கத்தரீனாள் துணி எடுத்து வைத்தாள்.

அங்கே முதல் இரண்டு நாள் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். கத்தினாள் என்றும் சொல்கிறார்கள், அவளுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் அவள் உடம்புக்குள் ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொண்டது. கையைத் தூக்கினால் தூக்கிய இடத்தில் நின்றது. கண் திறந்திருந்தது. தலையில் கை வைத்து ஜெபித்தவர் கையை எடுத்தபோது அவள் அசையாமல், சத்தமில்லாமல், நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அல்லேலூயா என்றார்கள். செபமாலையம்மாள் மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் தன் மகளை இவ்வளவு அமைதியாக அவள் பார்த்ததில்லை. யாரோ போனில் போட்டோ எடுத்தார்கள். திரும்பி வந்து பதினைந்து நாள் கத்தரீனாளால் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. அதையும் அம்மா பணிவு என்றே எடுத்துக்கொண்டாள்.

வாய் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம் எழுத உட்கார்ந்ததுதான். எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். பங்குக் கோவிலில் மாதம் ஒரு முறை 'மலைத்துளி' என்று நாலு பக்கப் பத்திரிகை வரும். வாழ்க்கை அனுபவம் எழுதித் தரலாம் என்று அதில் எப்போதும் ஒரு கட்டம் இருக்கும். வேலை முடிந்து வந்து, சாயங்காலம் அடுப்படி மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டே இரண்டு மாதம் எழுதினாள். அடித்து அடித்து எழுதி, கடைசியில் இரண்டு பக்கம் மிஞ்சியது.

"நான் உங்களைப் பார்த்துச் சிரிக்காமல் போனது திமிரால் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. இரண்டில் ஒன்றுதான் முடியும். நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதால் தரையைப் பார்த்தேன்" என்று அதில் இருந்தது. இன்னொரு இடத்தில்: "என் அப்பா அடக்கத்தில் நான் அழவில்லை என்று பேசிக்கொண்டீர்கள். அன்றைக்குக் கோவில் மணி நிற்காமல் அடித்தது. எனக்கு மணி மட்டும்தான் கேட்டது. அழுகை பதினோராம் நாள் வந்தது. காட்டில் இருந்தேன், யாரும் பார்க்கவில்லை." கடைசியில்: "இது மாறாது என்று டாக்டர் சொன்னார். மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் பேசும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், போதும்."

பத்திரிகையைப் பார்த்துக்கொள்வது உபதேசியார் ஜோபி. பூசைக்கு ஆயத்தம் செய்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வது, சாவு வீட்டில் முதலாளாக வந்து நிற்பது எல்லாம் அவர்தான். நல்ல மனுஷன். நோட்டை நின்ற இடத்திலேயே படித்துவிட்டு, கண் கலங்க, "கத்ரி, நீயா எழுதுனே இத? ஒரு எழுத்து மாத்தத் தேவையில்லம்மா" என்றார்.

நவம்பர் இதழ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கைக்குக் கை வந்தது. மூன்றாம் பக்கம் முழுக்க அவள். மேலே 'சாட்சி' என்று தலைப்பு. தியான வீட்டில் எடுத்த போட்டோ. கீழே, சாட்சி சொல்கிறவர்களுக்கு வழக்கமாகப் போடுவது போல அவள் பேரும் போன் நம்பரும். அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது, கடைசிப் பத்தியைத் தவிர. அதை எடுத்துவிட்டு இப்படிப் போட்டிருந்தது:

"மனிதர் கைவிட்ட என்னை ஆண்டவர் கைவிடவில்லை. தியானத்தின் மூன்றாம் நாள் அவர் என்னைத் தொட்டார். ஆட்டிசம் என்ற கட்டு அந்த நிமிடமே அறுந்தது. இன்று நான் பூரண சுகத்தோடு வாழ்கிறேன்."

வாசலில் நின்று அதை நாலு தடவை படித்தாள். பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள், கன்னத்தைத் தொட்டார்கள். ஒவ்வொரு தொடலுக்கும் அவள் தோள் மேலேறியது. அப்படியே உபதேசியாரிடம் போனாள்.

"உபதேசியாரே, இது நான் எழுதல."

"தெரியும்மா. நீ சொல்ல மறந்தத நான் சேத்தேன். அம்மா எல்லாத்தையும் சொன்னாவ."

"நான் மறக்கல. அது நடக்கல."

ஜோபி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தங்கச்சி. நான் இருபது வருசமா சாட்சி போடுதேன். கஷ்டம் வரும், ஜெபம் வரும், சுகம் வரும். சுகம் வராம நிப்பாட்டுனா அதுக்குப் பேரு சாட்சி இல்ல, பொலம்பல். படிக்கிறவன் எதப் புடிச்சுக்கிட்டு எந்திரிப்பான்?"

"நான் சாட்சின்னு எழுதலியே."

"வேற என்னன்னு போட?"

அவள் பத்திரிகையை மடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். செபமாலையம்மாள் மறைக்கவில்லை. "ஆமா, நாந்தான் சொன்னேன். நோய்க்காரின்னு ஒன் கையாலேயே எழுதி, அச்சடிச்சு, மானேஜர் மேசைக்கும் ஒண்ணு போவும். சுகமாயிட்டுன்னு கடைசில இருந்தா நல்லதுதானட்டி? பேரும் நிக்கும், வீடும் நிக்கும்."

பீல்டு ஆபீசர் தமிழ் படிக்கத் தெரிந்த மலையாளி. திங்கட்கிழமை பெரட்டில் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பேர் கூப்பிட்டதும், "கத்தரீனாள், பதினாலாம் நம்பர், மெஷின்" என்றார்.

"எனக்கு டாக்டர் சீட்டு இருக்கு சார்."

"சீட்டு பழையதல்லே? இது புதியது." பையைத் தட்டிக் காண்பித்தார். "பூரண சுகம். நீ தன்னே எழுதியிருக்கே."

சிரிப்பு எழுந்தது. சரஸ்வதியம்மாள் சேலையில் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன கத்ரி, ஒங்க சாமி காதுல பஞ்சு வச்சு அனுப்பலியா?" என்றாள். கத்தரீனாளிடம் கோபம் இருந்து சொன்னதில்லை. அவளுக்கு எல்லோரிடமும் அப்படித்தான் வாய்.

எட்டு நாள் மெஷின் பின்னால் நடந்தாள். எட்டு நாளில் ஐந்து நாள் செடிகளுக்கு நடுவில் கிடந்தாள். சுகமானவள் எப்படி விழுவாள்? அப்படியானால் இத்தனை நாளும் நடிப்பு. இல்லையென்றால் வாங்கின சுகத்தை ஏதோ பாவத்தில் தொலைத்திருக்க வேண்டும். கோவில் பக்கம் இரண்டாவதைச் சொன்னார்கள், காட்டுப் பக்கம் முதலாவதைச் சொன்னார்கள். மானேஜரிடம் போனாள். மெடிக்கல் போர்டுக்கு எழுதலாம், ஆனால் அன்பிட்டு என்று வந்தால் பேரை வைத்திருக்க முடியாது என்றார் மானேஜர். அம்மா சொன்னது சரியாகிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து அறிவிப்பு நேரம். ஜோபி மைக்கில் மாதா கெபிக்குப் பெயிண்டு அடிக்கிற விவரம் படித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் கத்தரீனாள் எழுந்து நின்றாள். கண் தரையில் இருந்தது.

"பேப்பர்ல கடைசி நாலு வரி நான் எழுதல" என்றாள். "எனக்குச் சுகமாகல. நான் இப்படித்தான் பொறந்தேன். தியானத்துல எனக்கு மூளையும் வாயும் நின்னு போச்சு, அதச் சுகம்னு போட்டுட்டாங்க. தயவுசெஞ்சு மாத்திப் போடுங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "பீடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது?" செபமாலையம்மாள் பின்னாலிருந்து மகளின் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருட்டி. உக்காரு, ஒன் காலப் புடிக்கேன்." இழுத்த இழுப்பில் தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்தது. கத்தரீனாள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பங்குச் சாமியாருக்குத் தமிழ் முழுதாகப் பிடிபடாது. என்ன, என்ன என்று ஜோபியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜோபி மைக்கை அணைத்தார்.

திருத்தம் டிசம்பர் இதழில் வந்தது. கடைசிப் பக்கத்தில், கேக் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே ஒரு வரி: 'சகோதரி கத்தரீனாளின் விசுவாசம் உறுதிப்பட அனைவரும் ஜெபிப்போம்.'

அன்றிலிருந்து வீட்டில் அம்மா அவளோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், தட்டு வைக்கிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஜனவரியில் ஒரு நாள் சுஜின் ஜீப் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னான்.

"எம் பேருல மாத்திருவோம்க்கா. நான் மெஷின் புடிக்கேன். எனக்கு அந்தச் சத்தம் ஒண்ணும் செய்யாது. அம்மாவுக்கு வீடு நிக்கும்."

"எனக்கு?"

சுஜின் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேர் மாற்றுகிற தாளில் காரணம் என்று ஒரு கோடு இருந்தது. ஆபீஸ் கிளார்க், 'சொந்த விருப்பம்' என்று போடச் சொன்னார். கத்தரீனாள், "விருப்பம் இல்லியே" என்றாள். "அப்போ அசுகம்னு போடு." "அசுகமும் இல்ல." கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து சுஜின் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, "அக்கா, ஏதாவது ஒண்ணு" என்றான். கோட்டை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அதில் கிளார்க் எதை நிரப்பினார் என்று அவளுக்குத் தெரியாது.

போன இடம் வேலந்தாவளம். கூடப் படித்த ஜோமோள் அந்தப் பக்கம் கல்யாணமாகிப் போயிருந்தாள். அவள் பேசி வைத்த வேலை. பொள்ளாச்சி இறங்கி இன்னொரு பஸ். எல்லையில் ஆறுமுகசாமி, கமலாத்தாள் என்ற தம்பதியின் தென்னந்தோப்பு. தோப்பின் ஒரு ஓரத்தில் தென்னங்கன்று போட்டு விற்கிறார்கள். கன்றுக்கு மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, களை எடுக்க வேண்டும். மோட்டார் ரூமை ஒட்டி ஒரு அறை கொடுத்தார்கள். மோட்டார் ஓடுகிற நேரத்துக்கு அவள் கன்றுப் பக்கம் போய்விடுவாள். வாரச் சந்தைக்கு மாடு ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிற நாளில் ரோட்டுப் பக்கமே போக மாட்டாள்.

முதல் வாரமே கமலாத்தாள் கேட்டாள்: "ஏனம்மிணி, காதுல என்னத்த மாட்டீட்டுத் திரியற? பாட்டா?"

"பாட்டு இல்லம்மா. சத்தம் கேக்காம இருக்குறதுக்கு. இங்க வந்தப்பறந்தான் கெடச்சுது."

"அட, அப்பிடி ஒண்ணு இருக்குதா? எங்கூட்டுக்காரரு பேசறப்ப மாட்டிக்க எனக்கொண்ணு வாங்கிக் குடு."

கத்தரீனாள் அடுத்த மாதம் நிஜமாகவே ஒன்று வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். கமலாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பக்க டாக்டர் தாளையும் கத்தரீனாள் அவளிடம் காண்பித்தாள். மறைத்து வைத்துப் பிறகு தெரிவது அவளுக்கு ஆகாது. "கன்னுக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமில்ல? அப்பறமென்ன" என்று கமலாத்தாள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் கன்று வாங்க வந்தவர்களிடம், "அந்தப் புள்ளைகிட்ட வெலை கேக்காதீங்க, கொஞ்சம் மூளைக்குச் சொகமில்லீங்க" என்று அவள் சொல்வது இலைகளுக்கு நடுவே கத்தரீனாளுக்குக் கேட்டது. குரலில் இரக்கம்தான் இருந்தது.

சாயங்காலங்களில் நோட்டை மறுபடியும் எடுத்தாள். தன் கையெழுத்துப் பக்கங்களைப் போட்டோ பிடித்து, மாற்றாமல், மறைக்காமல், பேரோடு பேஸ்புக்கில் போட்டாள். பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவன் சுஜின். 'மலைத்துளி'யின் மூன்றாம் பக்கத்தை யாரோ படம் எடுத்து, ஓரத்தில் மெழுகுவத்தி ஒட்டி, 'பத்துப் பேருக்குப் பகிருங்கள்' என்று கீழே போட்டு வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். ஜோமோளின் ஜெபக் குரூப்புக்கே அது இரண்டு முறை வந்தது. வந்த குரூப்புகளில் எல்லாம் ஜோமோளைக் கொண்டு நுழைந்து, 'இது நான். இது நடக்கவில்லை' என்று எழுதினாள் கத்தரீனாள். இரண்டு குரூப்பில் சாத்தானின் வேலை என்றார்கள். மற்றதில் ஒன்றும் சொல்லாமல் வெளியே எடுத்துவிட்டார்கள். நம்பரை மாற்றிவிடு என்று ஜோமோள் சொன்னாள். தப்பான வரிக்குக் கீழே இருப்பது தன் நம்பர்தான், கேட்க வருகிறவர்களுக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று கத்தரீனாள் மாற்றவில்லை. கேட்க யாரும் வரவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சுஜின் போனிலிருந்து பேசத் தொடங்கினாள். மழை பெய்ததா, சாப்பிட்டாயா, அவ்வளவு.

ஒரு வருஷமும் ஒன்பது மாதமும் போயின. இருபத்தைந்து நவம்பரில் ஒரு மத்தியானம், கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. இரண்டரை நிமிடம். கையைக் கழுவிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"வணக்கம் தாயி. நான் ராமுத்தாய் பேசுறேன். உடும்பஞ்சோலையில ஏலத் தோட்டத்துல வேல பாக்குறேன். ஒங்க நம்பரு அந்தப் பேப்பருல இருந்துச்சு. எங்க குரூப்புல போட்டாங்க. அத எத்தன தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன்னு எனக்கே தெரியாது. எனக்கு ஒரு மக இருக்கா, பத்தொம்போது வயசு. நீங்க எழுதியிருக்கது அப்படியே அவதான், ஒரு எழுத்து தப்பாம. போன வருசம் நெடுங்கண்டத்துல டாக்டரு இதே பேரச் சொன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு பயிற்சிக்குக் கூட்டியாரச் சொன்னாங்க. போனோம். கொஞ்சம் பேசக்கூடச் செஞ்சா தாயி, கடைக்குப் போயி சீனி வாங்கியாந்தா. அப்பறந்தான் ஒங்க பேப்பரு வந்துச்சு. சாமி அஞ்சு நாள்ல முடிக்கிறத இவங்க எதுக்கு வருசக்கணக்குல இழுக்குறாங்கன்னு அவுக அப்பா பயிற்சிய நிப்பாட்டிட்டாரு. நாங்க அந்த வேதம் இல்ல, இருந்தாலும் ஜெபக் கூட்டத்துக்குப் போனோம். நாலு எடம் போயாச்சு. இப்ப அவ எந்திரிக்கிறதே இல்ல. கூட்டத்துக்குப் பொறப்படுன்னா கட்டில் காலக் கட்டிப் புடிச்சுக்கிறா. சீனி எங்க இருக்குன்னுகூட இப்ப அவளுக்குத் தெரியல. ஒங்களக் குத்தம் சொல்லல. நீங்க எந்த எடத்துக்குப் போனீங்க, யாரு கை வச்சாங்க, அத மட்டும் சொல்லுங்க. இல்லாட்டி ஒண்ணு செய்யுங்க. நான் போன அவ காதுல வைக்கிறேன். எனக்குச் சரியாயிருச்சு, ஒனக்கும் ஆயிரும்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க வார்த்தய அவ கேக்குறதில்ல. ஒங்களத்தான் நம்புறா. ஒங்க போட்டோவத் தலமாட்டுல ஒட்டி வச்சிருக்கா."